பதினைந்து வருஷ ராமாயணம்

ஒரு நாடகத்தை மேடையேற்ற எவ்வளவு காலம் வேண்டும்? நம் தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கத்து நாடகக்காரர்களைக் கேட்டால் இரண்டு மாதம் என்பார்கள். நடிப்பவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஒத்திகை. அதனால் மூன்று மாதம் என்றே வைத்துக்கொள்வோம். திருவான்மியூரில் ஒரு அம்மையார் ஒரே கதைக்குப் பதினைந்து வருஷம் எடுத்துக்கொண்டார். 1955-ல் தொடங்கியது 1970-ல்தான் முடிந்தது. தொடங்கும்போது அவருக்கு வயது 51, முடிக்கும்போது 66. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேலையும், அவர் ஆறு பகுதிகளாக மேடையேற்றிய வால்மீகி ராமாயணத்தையும்தான் சொல்கிறேன்.

ருக்மிணி தேவியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சதிர் என்றிருந்த ஆட்டத்தை அவர் காப்பாற்றினாரா, அல்லது அதற்குச் சொந்தக்காரர்களான குடும்பங்களிடமிருந்து எடுத்துக்கொண்டாரா என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. நான் அதற்குள் போகப்போவதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் ஃபைல் நகர்த்தியவன் நான். என் கேள்வி குமாஸ்தாவின் கேள்வி. ஒரு வேலையைப் பதினைந்து வருஷம் இழுக்க அவரை யார் விட்டார்கள்? இன்று அப்படி ஒருவர் ஆசைப்பட்டால் நாம் விடுவோமா?

முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஆசை 1955-ல் திடீரென்று முளைத்ததல்ல. 1936-ல் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் பள்ளியைத் தொடங்கியவர், 1944-ல் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றினார். முழுக்கத் தமிழ். அதற்கு உதவியவர் எங்கள் ஊர்க்காரர், காரைக்கால் சாரதாம்பாள். கோயிலில் ஆடும் குறவஞ்சியை அறிந்திருந்த பெண்மணி. அதன்பின் காளிதாசனின் குமார சம்பவம் வந்தது. அதற்கு இசை டைகர் வரதாச்சாரியார். இப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் கை பழகிய பிறகுதான் ராமாயணத்தில் இறங்கினார்.

சீதா சுயம்வரம், ஸ்ரீராம வனகமனம், பாதுகா பட்டாபிஷேகம், சபரி மோக்ஷம், சூடாமணி பிரதானம், மகா பட்டாபிஷேகம். ஆறு பகுதி, ஒவ்வொன்றும் ஒரு முழு மாலை. இசையமைக்க அவர் அழைத்துவந்தது மைசூர் வாசுதேவாச்சாரியாரை. பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் நேரே பாடம் கேட்டவர், மைசூர் அரண்மனை வித்வான். 1865-ல் பிறந்தவர். அப்படியென்றால் சீதா சுயம்வரம் அரங்கேறிய வருஷம் அவருக்கு 90 வயது! நமக்கெல்லாம் 58-ல் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்குத் தொண்ணூறு வயதில் புது வேலை. 1961-ல் அவர் காலமானார். விட்ட இடத்திலிருந்து பேரன் எஸ். ராஜாராம் இசையை எடுத்து நடத்தி முடித்தார். தாத்தா தொடங்கியதைப் பேரன் முடிக்கும் அளவுக்கு நீண்ட வேலை அது.

ஆண் வேஷங்களுக்கு வேறு ஏற்பாடு. கேரளத்திலிருந்து அம்பு பணிக்கர், சந்து பணிக்கர் என்ற கதகளி ஆசான்களை வரவழைத்தார். 1953-ல் பையன்களாக வந்து சேர்ந்த தனஞ்ஜயன், பாலகோபால் போன்றவர்கள் அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, கதகளியும் பரதமும் கற்று, வளர்ந்து பெரிய வேஷங்கள் கட்டினார்கள். ஆளைத் தேடிப் பிடிக்காமல் ஆளையே வளர்த்தார் என்று சொல்ல வேண்டும். நடுவில் மெலட்டூர் பாகவத மேளாவின் பாலு பாகவதர் துணையோடு 1959-ல் உஷா பரிணயத்தையும் கலாக்ஷேத்ராவில் போட்டார். அந்த அனுபவமும் ராமாயணத்துக்குப் பயன்பட்டிருக்கும். இதே காலத்தில்தான் பள்ளியே அடையாற்றிலிருந்து திருவான்மியூர் மணல்வெளிக்குக் குடிபெயர்ந்தது. இன்று அங்கே காடு மாதிரி நிற்கும் மரங்கள் நட்டு வளர்த்தவை.

எழுபதுகளில் ஒரு டிசம்பரில் சூடாமணி பிரதானம் பார்த்தேன். தாம்பரத்திலிருந்து மீட்டர் கேஜ் மின்சார வண்டியில் சைதாப்பேட்டை, அங்கிருந்து பஸ். திரைச்சீலையில் அரண்மனை இல்லை, தந்திரக் காட்சி இல்லை. சிறு வயதில் நான் பார்த்த நாடகக் கம்பெனிகளில் கடல் கொந்தளிக்கும், ரதம் பறக்கும். இங்கே வெறும் திரை, நல்ல விளக்கு, கைத்தறிப் பட்டு, ஓரத்தில் பாட்டுக்காரர்கள். அசோகவனத்தில் சீதை தலையிலிருந்து சூடாமணியைக் கழற்றி அனுமனிடம் கொடுக்கிறாள். அதைக் கழற்ற அந்தப் பெண் எடுத்துக்கொண்ட நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கொடுக்க மனமில்லை, கொடுக்காமலும் முடியாது. அவ்வளவும் அந்தக் கையில் இருந்தது. மூன்று மாத ஒத்திகையில் அந்தக் கை வராது.

சரி, என் கேள்விக்கு வருகிறேன்.

அரசுப் பணத்தில் கலை வளர்ப்பது எப்படி என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். எந்தத் துறையானாலும் முறை ஒன்றுதான். ஏப்ரலில் பட்ஜெட். சாங்ஷன் வர செப்டம்பர், அக்டோபர் ஆகிவிடும். பணம் கைக்கு வரும்போது பொங்கல் தாண்டிவிடும். மார்ச் 31-க்குள் செலவு செய்து, யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட் அனுப்ப வேண்டும். செலவாகாத பணத்தை சரண்டர் செய்ய வேண்டும். சரண்டர் செய்தால் அடுத்த வருஷ ஒதுக்கீட்டில் கை வைப்பார்கள். அதனால் பிப்ரவரி, மார்ச்சில் எல்லாரும் அவசர அவசரமாக ஏதாவது ஒரு விழா நடத்திவிடுவார்கள். பேனர், பொன்னாடை, குத்துவிளக்கு, குரூப் போட்டோ. போட்டோவும் ரசீதும் ஃபைலில் ஏறினால் கலை வளர்ந்தாகிவிட்டது.

இந்த விதிகளை நான் குறை சொல்லவில்லை. பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை எழுதித்தான் நான் பென்ஷன் வாங்குகிறேன். ஆனால் சாலைக்கும் பள்ளிக்கூடச் சுவருக்கும் போட்ட விதியை அப்படியே நாடகத்துக்கும் போட்டால், ஒரு வருஷத்துக்குள் முடியும் நாடகம்தான் பிறக்கும். ருக்மிணி தேவியின் ராமாயணம் பதினைந்து மார்ச் 31-களைத் தாண்டியது. இரண்டாம் வருஷமே ஆடிட்டர், ‘சீதா கல்யாணம் ஆகிவிட்டதே, பட்டாபிஷேகம் எங்கே’ என்று கேட்டிருந்தால் என்ன பதில் சொல்வது? அவர் கேட்கப்படாமல் தப்பித்ததற்குக் காரணம் உண்டு. கலாக்ஷேத்ரா அப்போது அவர் சொந்தப் பொறுப்பில் இருந்தது. நன்கொடையிலும் நண்பர்கள் உதவியிலும் சிரமப்பட்டுத்தான் ஓடியது. ஆனால் எப்போது முடிப்பது என்பதை அவரே முடிவு செய்தார். பின்னாளில், அவர் மறைந்த பிறகு, 1993-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அது தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாயிற்று. அதற்குள் ராமாயணம் ஆறும் தயாராகிவிட்டன.

ஆசை ஒருவருக்கு வரலாம். அதற்குக் காலத்தைக் கொடுக்க வேறு யாராவது வேண்டும். பழைய கதைகளைப் பாருங்கள். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் அச்சேறியதற்குக் காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு துரையின் ஆதரவு உண்டு. அருணாசலக் கவிராயரைச் சென்னையில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் ஆதரித்தார். எழுதியவர் பெயரோடு ஆதரித்தவர் பெயரும் நிலைத்துவிட்டது.

அருணாசலக் கவிராயர் பெயரை வேண்டுமென்றேதான் எடுத்தேன். ருக்மிணி தேவியின் ராமாயணத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது எனக்கு ஒரு குறை இருந்தது. இன்றும் இருக்கிறது. பாட்டெல்லாம் சமஸ்கிருதம். வால்மீகியை அவர் தேர்ந்தெடுத்தது அவர் விருப்பம், அதைக் கேட்க நான் யார்? கூட வந்திருந்த என் மனைவி கதையைப் பின்பற்றினாள், கண் கலங்கினாள். ஆனால், “அவள் என்ன சொல்லிக் கொடுத்தனுப்பினாள்?” என்று வழியில் என்னைக் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. நான் படித்தது பிரெஞ்சு மீடியம். தமிழே எனக்கு வீட்டிலும் கோயிலிலும் கிடைத்ததுதான், சமஸ்கிருதத்துக்கு எங்கே போவேன்?

அதே ராமாயணம், ஆறு காண்டமும், தமிழில் இசை நாடகமாக இருநூற்றைம்பது வருஷமாக நம்மிடம் இருக்கிறது. காரைக்காலிலிருந்து வடக்கே கடலோரமாகப் போனால் தரங்கம்பாடி. அதற்குச் சற்று உள்ளே தில்லையாடி. அங்கே 1711-ல் பிறந்து, சீர்காழியில் வாழ்ந்து, 1779-ல் மறைந்தவர் அருணாசலக் கவிராயர். கம்பனை ஒட்டி ராம நாடகத்தைப் பாடினார். சட்டநாதபுரத்தைச் சேர்ந்த கோதண்டராமையர், வேங்கடராமையர் என்ற இரண்டு சீடர்கள் அவர் பாட்டுக்கு இசை கூட்டினார்கள். ஸ்ரீரங்கம் கோயிலில் அரங்கேற்றம். பள்ளிகொண்ட பெருமாளைப் பார்த்து ‘ஏன் படுத்துக்கொண்டீர்’ என்று கேட்கும் மோகனப் பாட்டு அந்தச் சமயத்தில் பிறந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்த நாடகத்துக்கு இன்று என்ன கதி? கச்சேரி முடியும் நேரத்தில், மிருதங்கத் தனி ஆவர்த்தனம் முடிந்து பாதிப் பேர் கேன்டீனுக்குப் போன பிறகு, துக்கடாவாக ஒரு பாட்டு. மிதிலையில் கன்னிமாடத்தைப் பார்த்து யாரிவர் என்று வியக்கும் பைரவிப் பாட்டை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். ஆனால் அதற்கு முந்தின பாட்டு என்ன, பிந்தின பாட்டு என்ன என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் புத்தகம் வாங்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஏறக்குறைய இருநூறு தருக்கள், நடுநடுவே விருத்தம், வெண்பா, திபதை என்று கதை தொடர்ச்சியாக ஓடுகிறது. ஒரு மாலைக்குச் சுருக்கி ஆடியவர்கள் உண்டு. முழுதாக ஆறு மாலை ஆடி நான் பார்த்ததில்லை. நல்ல வீட்டைப் பிரித்துக் கதவையும் ஜன்னலையும் தனித்தனியாக விற்பது போல இருக்கிறது, நாம் செய்வது.

உடனே மறுப்பு வரும். இந்தக் காலத்தில் ஆறு நாள் யார் உட்காருவார்கள்? செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது போய்ப் பாருங்கள். பகலில் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து, பத்துப் பதினெட்டு நாள் என்று போகிறது. அங்கே உட்காருகிறவர்களுக்கும் செல்போன் இருக்கிறது. 1985-ல் பிரான்சில் அவிஞோன் நகருக்கு அருகே ஒரு கல்குவாரியில் பீட்டர் புரூக் மகாபாரதத்தைப் பிரெஞ்சு மொழியில் போட்டார். ஒன்பது மணி நேரம். அதைத் தயாரிக்க அவருக்கும் எழுதிய ழான் குளோத் காரியேருக்கும் பத்து வருஷம் ஆயிற்று. நம் பாரதத்தை வெள்ளைக்காரர்கள் குவாரியில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள். பல்லாவரம், திரிசூலம் பக்கம் நமக்குக் குவாரிக்கா பஞ்சம்?

இரண்டாவது மறுப்பு, பழைய நாடகம் இன்று எடுபடாது என்பது. பள்ளியில் எங்களுக்கு மொலியேர் பாடம். பணம் சேர்த்த ஒரு துணி வியாபாரியின் மகன், பிரபுவாக வேண்டும் என்று பாட்டு வாத்தியார், நடன வாத்தியார், கத்திச் சண்டை வாத்தியார் எல்லாரையும் வைத்துக்கொண்டு கோமாளியாகும் கதை. லுல்லியின் இசையோடு 1670-ல் அரசன் முன் ஆடியது. எங்களுக்குப் பிரம்படிக்குப் பயந்து மனப்பாடம் செய்த பாடம்தான். ஆனால் அங்கே அது இன்னும் மேடையில் இருக்கிறது. மொலியேர் 1673-ல் இறந்தார். ஏழு வருஷத்தில் கொமெடி ஃபிரான்ஸேஸ் என்ற நாடகசாலை அமைந்தது. நிரந்தர நடிகர்கள், அரசு மானியம். ஒரு நடிகர் ஓய்வு பெற்றால் இன்னொருவர் அந்த வேஷத்தை எடுத்துக்கொள்வார். மொலியேர் பழையவராகாமல் இருப்பதற்கு அவர் திறமை பாதிக் காரணம். அந்த நாடகசாலை மீதிக் காரணம்.

பிரான்சுக்குப் போக வேண்டாம் என்றால் மதுரைக்குப் போங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் புதுச்சேரியில் 1922-ல் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. நூறு வருஷம் ஆகியும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில் அவருடைய வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கிறது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர். ஒத்திகை இல்லாமல் மேடையில் சந்தித்து ஆடிவிடுகிறார்கள். எல்லாருக்கும் பாட்டு தெரியும். ஆடிக்கொண்டே இருந்ததால் நாடகம் பிழைத்தது. ராம நாடகம் அலமாரிக்குள் போனதால் துக்கடாவாயிற்று.

இங்கே எனக்கு ஒரு மாறுபட்ட எண்ணம் உண்டு. ராம நாடகத்தைப் போடுவதென்றால் கலாக்ஷேத்ரா பாணியை அப்படியே எடுக்கக் கூடாது. அங்கே பாடுகிறவர் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார், ஆடுகிறவர் வாய் திறக்க மாட்டார். கவிராயரின் தருக்கள் பாத்திரமே பேசும் பேச்சு. கைகேயி வாதாட வேண்டும், சூர்ப்பணகை ஏச வேண்டும், அனுமன் இலங்கையில் கண்டதைச் சொல்ல வேண்டும். பாடிக்கொண்டே நடிக்கிறவர்கள் வேண்டும். அவர்கள் ஸ்பெஷல் நாடக மேடையிலும் கூத்து மேடையிலும்தான் இருக்கிறார்கள். அவர்களை விழாவுக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி அனுப்பாமல், மாதச் சம்பளம் கொடுத்து வாத்தியாராக உட்கார வைக்க வேண்டும். வாசுதேவாச்சாரியாரை ருக்மிணி தேவி உட்கார வைத்தது போல.

பாட்டுகளின் ராகத்திலும் வேலை இருக்கிறது. பழைய பதிப்பில் ஒரு ராகம் போட்டிருக்கும், இன்று மேடையில் வேறு ராகத்தில் பாடுவார்கள். துக்கடாவாகப் பாட எது இனிமை என்று பார்த்து மாற்றியிருப்பார்கள். நாடகத்துக்கு அந்த இடத்தில் எது பொருந்தும் என்று பார்க்க வேண்டும். இருநூறு பாட்டுக்கும் ஒவ்வொன்றாகப் பார்க்க, முதிர்ந்த வித்வான் ஒருவர் ஒரு இடத்தில் உட்கார்ந்து இரண்டு மூன்று வருஷம் செலவழிக்க வேண்டும்.

செலவு பெரிதாக ஆகாது என்பது என் கணக்கு. பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள், நான்கு ஆசிரியர்கள், ஒரு வித்வான், ஒரு கொட்டகை, சாப்பாடு. நம் புறநகரில் ஒரு பாலத்தின் ஒரு தூணுக்கு ஆகும் தொகையில் பல வருஷம் நடத்தலாம். இடத்துக்கும் பஞ்சமில்லை. சென்னையில் இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. குறைவது ஒரே ஒரு உத்தரவு. இந்தத் தொகை பத்து வருஷத்துக்கு, மீதியை அடுத்த வருஷத்துக்கு எடுத்துச் செல்லலாம், முதல் மூன்று வருஷம் மேடை நிகழ்ச்சி கேட்கக் கூடாது, வரவு செலவை மட்டும் வருஷா வருஷம் தணிக்கை செய்யலாம் என்று அரைப் பக்க உத்தரவு. அணை கட்டுவதற்கு இப்படிப் பல வருஷத் திட்டம் போடத் தெரிந்த அரசாங்கத்துக்கு இது புதிதல்ல. டிராஃப்ட் வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன். கட்டணம் வேண்டாம், ஒரு காபி போதும்.

உத்தரவு வந்தாலும் ஆள் வேண்டுமே என்பீர்கள். ஆள் இருப்பார். நாடகப் பைத்தியம் பிடித்த ஒருவர் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் இருப்பார். தாம்பரம் கிழக்கில் ஏதோ ஒரு மாடி வீட்டில், மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டு, ராம நாடகத்தை நோட்டில் காட்சி காட்சியாகப் பிரித்து வைத்திருப்பவர் இப்போதே இருக்கலாம். வருஷா வருஷம் அவர் மனுப் போடுவார், மார்ச்சுக்குள் முடியுமா என்று கேட்பார்கள், முடியாது என்று உண்மையைச் சொல்வார், மனு திரும்பி வரும். எத்தனை வருஷம் அப்படி எழுதுவார்?

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. பாலகாண்டம் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போனாலும் சந்தோஷம்தான், பட்டாபிஷேகத்தைப் பேரன் பேத்திகள் பார்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் ஊர்க் கோயிலில் ராம நாடகம் தொடர்ச்சியாக நடந்து பார்த்த பெரியவர்கள் யாராவது வீட்டில் இருந்தால், எந்தப் பாட்டை எந்த ராகத்தில், எந்த மெட்டில் பாடினார்கள் என்று கேட்டு செல்போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வயது தொண்ணூறு ஆகியிருக்கும். ருக்மிணி தேவி மாதிரி ஒருவர் வந்து சேரும்போது, முதலில் கேட்கப்போவது அதைத்தான்.